ஏனையோர் நிரல்

3.2.86 திங்கள்

பனி. எட்டு மணிக்கும் விடியவில்லை. கீழ்க் குளியலறைக் குழாய் உறைந்துவிட்டது. விடுதியைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டர் கிழவர் கேத்தலில் சுடுதண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார், ஏதோ திட்டிக்கொண்டே. குழாயைத்தான் திட்டினார் என்று நினைக்கிறேன்.

இந்த வாரம்:
– குகனுக்குக் கம்பளிக் காலுறை
– புதன், பத்து மணி: வசந்தியுடன் டாக்டரிடம்
– வெள்ளி, ஒன்பது மணி: கச்சேரி
– ஜேர்மன் சொல் நாளுக்குப் பத்து. நேற்று மூன்று.

கச்சேரி என்பது நாங்கள் வைத்த பெயர். யாழ்ப்பாணக் கச்சேரியில் பதினான்கு வருடம் எழுதுவினைஞராக இருந்தவள் நான்; அரசாங்கக் கந்தோர் எதைக் கண்டாலும் எனக்கு அது கச்சேரிதான். இந்த மாவட்டத்து ஊர்ப் பெயர் ஒன்றும் எங்கள் வாயில் நுழையாது. வசந்தியின் புருசன் தேவன்தான் தொடங்கினான். கந்தோர் இருக்கிற ஊர் கச்சேரியடி. நாங்கள் இருக்கிற ஊர் பாலத்தடி. புகைபோக்கி தெரிகிற ஊர் ஆலையடி. தண்டவாளங்கள் பிரிகிற ஊர் ரயிலடி. அகதி மனுப் போட்ட நாங்கள் இந்த நாலு ஊருக்குள் எங்கேயும் போகலாம். எல்லை தாண்டக் கடதாசி வேண்டும். எசனில் தேவனின் மச்சான் இருக்கிறான், பஸ்ஸில் அரை மணி. போன மாதம் கேட்ட கடதாசி இன்னும் வரவில்லை.

கச்சேரிக் கடிதம் 'ஃப்ராவ் கந்தையா', திருமதி கந்தையா, என்று வந்திருக்கிறது. கந்தையா என் அப்பா. நான் நாகேஸ்வரி. இந்த நாட்டில் ஆர் என்னைக் கூப்பிட்டாலும் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். செத்த மனிசன், பாவம், ஒரு நாளைக்கு எத்தனை முறை எழும்பி வருவார்.

5.2.86 புதன்

குளிர். மூக்கு நுனி இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்கவேண்டும்.

டாக்டரிடம் போனோம். வசந்திக்கு ஐந்து மாதம். தாதி 'ஃப்ராவ் தேவராசா' என்று கூப்பிட்டாள். வசந்தி எழும்பினாள், தேவனும் எழும்பினான். தாதி கையைக் காட்டித் தடுத்தாள். அவனுடைய அட்டையைப் பார்த்தாள்: ஹெர் முருகேசு, அதாவது திரு. புருசன் மட்டும்தான் உள்ளே வரலாம், வேறு ஆண்கள் வெளியே நிற்கவேண்டும் என்றாள்.

தேவன்: "அப்ப நான் ஆரெண்டு கேளுங்கோ அக்கா!"

முருகேசு அவனுடைய தகப்பன் என்றும், தேவராசா அவனுடைய சொந்தப் பெயர் என்றும், வசந்தி புருசன் பெயரைத்தான் முன்னால் வைத்திருக்கிறாள் என்றும் என் ஓட்டை ஜேர்மனிலும் இங்கிலீசிலும் சொன்னேன். தாதி தலையை ஆட்டினாள். ஆனால் கதவைச் சாத்தினாள். நான் உள்ளே போனேன், புருசன் வெளியே. பஸ்ஸில் வரும்போது மூன்று பேரும் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. வசந்தி, "பிள்ளை ஆடுது, சிரிக்க வைக்காதேங்கோ" என்றாள்.

குகன் வீட்டிலேயே நின்றான். பழக்கமில்லாத ஆட்கள் இருக்கிற அறையில் அவனால் ஐந்து நிமிசம் இருக்க ஏலாது. முப்பத்தொரு வயது. என் தம்பி.

காலுறை வாங்கவில்லை.

7.2.86 வெள்ளி

கச்சேரியில் முதல் நாள் வேலை. வேலை என்று சொல்லக்கூடாதாம், உதவி. எங்களுக்கு வேலை செய்ய அனுமதியில்லை.

கந்தோர் அதிகாரி கே. அம்மா (முழுப்பெயர் எழுதினால் இந்த வரி போதாது) ஐம்பது வயதுக்காரி, கண்ணாடிக்குச் சங்கிலி, பென்சில் கூராக இல்லாவிட்டால் தொடமாட்டார். எனக்குப் பிடித்துப்போயிற்று. மேசையில் ஒரு பெரிய தாள். இடப்பக்கம் கீழ்நோக்கி ஊர்கள், மேலே குறுக்காக நாடுகள்: துருக்கி, யூகோஸ்லாவியா, இத்தாலி, கிரேக்கம். கடைசி நிரல் 'சொன்ஸ்டிகே'. அகராதியில் பார்த்தேன்: ஏனையோர். அதற்குள்தான் நாங்கள். கானாக்காரர், இரண்டு ஈரான்காரர், பிறகு நாங்கள்.

எண்கள் இங்கே எழுதமாட்டேன். வெளியே சொல்லக்கூடாது என்றார்.

எண்பத்தொன்றில் குடிசன மதிப்புக்கு வீடு வீடாகப் போனவள் நான். இனம் என்ற கேள்வி வரும்போது கேட்கவே மாட்டேன். எங்கள் குறிச்சியில் முதல் வீட்டில் 'இலங்கைத் தமிழர்' என்று எழுதினால் பிறகு கடைசி வரைக்கும் மேற்படி, மேற்படி, மேற்படி. அட்டவணை அடிக்கிறபோது கீழே 'ஏனையோர்' என்று ஒரு வரி வரும். அந்த வரியில் இருக்கிறவர்கள் ஆர், என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எனக்கு நல்லாய் வேணும்.

தமிழருக்கு நிரல் இல்லையோ என்று கேட்டேன். கடவுச்சீட்டில் என்ன நாடோ அதுதான் என்றார். இனம் எழுதுவதில்லையோ என்றேன், 'ரேஸ்' என்ற இங்கிலீசுச் சொல்லில். பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்த நாட்டில் அந்த நிரல் ஒருகாலத்தில் இருந்தது. இனி இல்லை."

யூதரை எண்ணிய நிரலைச் சொல்கிறார். பிறகு தேத்தண்ணி தந்தார்.

எதற்கு இந்தக் கணக்கு: நாலு ஊர் மேயர்மாரும் மற்ற ஊரைவிடத் தங்கள் ஊரில்தான் வெளிநாட்டார் அதிகம் என்று சண்டை. எங்கள் பாலத்தடி விடுதியின் மேல்மாடியையும் மாத முடிவோடு மூடப்போகிறார்களாம், கூரை சரியில்லை. அங்கிருக்கிறவர்களை ஊர்வாரியாகப் பிரித்து அனுப்ப வேண்டும். என் பங்கு: தமிழ்ப் பெயர்களை வாசித்துச் சரிபார்ப்பது. ஒரே ஆள் இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு தரம் வந்திருக்கிறார், இரண்டு ஆள் ஒரு ஆளாக வந்திருக்கிறார்.

மேல்மாடியில்தான் நாங்கள் எல்லோரும்.

10.2.86 திங்கள்

இன்று கந்தோர், கடை எல்லாம் பூட்டு. கார்னவலாம். பாலத்தில் ஊர்வலம், மேளம், வேசம். ஐந்தாறு பேர் முகத்தில் கரி பூசி, வைக்கோல் பாவாடை கட்டி எங்கள் முற்றத்துக்குள் வந்துவிட்டார்கள். எதிர் அறைக் கானாக்காரி யன்னலில் நின்று பார்த்துவிட்டு இங்கிலீசில் கேட்டாள்: "இது நானோ, நீயோ?"

அவர்களில் ஒருவன் நீளமான கடதாசிச் சுருளை விரித்து ஏதோ சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் ஒவ்வொரு வரிக்கும் ஓவென்று கத்தினார்கள். பகிடிப் பாட்டாம். அது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

திரும்பிப் பார்த்தேன், குகன் இல்லை. அறையில் இல்லை, குளியலறையில் இல்லை. படிக்குக் கீழே, ஹவுஸ்மைஸ்டரின் புறாத்தீனிச் சாக்குகளுக்குப் பின்னால் குந்தியிருந்தான். இரண்டு கையும் தலைக்கு மேல்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் அவன் இருந்த வீட்டுக்கு வந்தவர்களும் கேற்றில் நின்று வாசித்தார்கள். வாக்காளர் இடாப்பு, பெயர்ப் பட்டியல். இவன் அங்கே பதியவில்லை, பெயர் இல்லை. அறைத் தோழனின் பெயர் இருந்தது. அவனைக் கூப்பிட்டார்கள். இவன் பின்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். இவ்வளவும் எனக்குச் சொல்ல அவனுக்கு இரண்டு வருடம் எடுத்தது.

கிழவர் வேசக்காரருக்குச் சாராயம் ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு வந்து சாக்குக்குப் பக்கத்தில் தானும் குந்தி, "ஹெர் தம்பி, காப்பூட்" என்றார். முடிந்துபோச்சு என்ற கருத்து. நான் தம்பி, தம்பி என்று கூப்பிடுவதைக் கேட்டு அதுதான் அவன் பெயர் என்று நினைத்திருக்கிறார்.

பின்னேரம்தான் சாக்குகளுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான்.

11.2.86 செவ்வாய்

பேக்கரியில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். கதைத்ததில் எனக்குப் பிடிபட்டது மூன்று சொல்: "கறுப்பர்", "பாலம்", "அதிகம்". என்னைக் கண்டதும் வழி விட்டார்கள். ஒருத்தி வணக்கமாகக் குட்டன் மொர்கன் என்றாள். நானும் சொன்னேன். பாண் நல்ல சூடு.

வந்து சொன்னால் தேவன், "எங்களையோ கறுப்பரெண்டினம்? கறுவலுகள் எதிர் அறையில எல்லே" என்கிறான். ஏசினேன். "உன்ர நிறத்தைக் கண்ணாடியில பார், பேந்து கதை" என்றேன். வசந்தி சிரித்தாள். அவன் உர்ரென்று போய்ப் படுத்துவிட்டான்.

ஹவுஸ்மைஸ்டரிடமும் சொன்னேன். அவரும் உலக யுத்தம் முடிய, கிழக்கிலிருந்து பெட்டியோடு ஓடிவந்தவராம். "என்னையும் இந்த ஊரில் எண்ணினார்கள். பன்றிக்கறி தின்கிற, இவர்களின் பாசையே பேசுகிற என்னையும்." இப்படிச் சொல்லிவிட்டுப் புறாக்களை எண்ணப் போனார். ஒன்று குறைகிறதாம்.

காலுறை வாங்கியாயிற்று. சாம்பல் நிறம்.

14.2.86 வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேணும்.

கே. அம்மா புதுப் பட்டியலைத் தந்தார், பெயர்வாரியாக, ஆர் எந்த ஊருக்கு என்று. எழுத்துப் பிழை மட்டும் பாருங்கள் என்றார். பார்த்தேன்.

கந்தையா நாகேஸ்வரி. அதற்குப் பக்கத்தில் 'ஃபெர்ஹ்.' என்று ஒரு சுருக்கம். அடுத்த நிரலில் கந்தையா குகநாதன். அடுத்ததில்: பாலத்தடி, கீழ்மாடி, இருவர் அறை.

முருகேசு தேவராசா. 'ஃபெர்ஹ்.' அடுத்தது வெறுமை. ஆலையடி, ஆண்கள் விடுதி.

தேவராசா வசந்தி. 'ஃபெர்ஹ்.' அடுத்தது வெறுமை. ரயிலடி, பெண்கள் விடுதி.

இந்தச் சுருக்கம் என்ன என்று கேட்டேன். கே. அம்மா தன் மோதிர விரலைத் தூக்கிக் காட்டினார்.

அட கடவுளே.

போன ஐப்பசியில் பஸ்ஸில் வந்த எங்கள் பதினொரு பேருக்கும் ஃபோம் நிரப்பியது நான்தான். கச்சேரி அக்கா நிரப்பினால் பிழை வராது என்று எல்லோரும் என்னிடம் நீட்டினார்கள், நானும் பெருமையாக வாங்கினேன். குடும்பப் பெயர் என்ற இடத்தில் எங்கள் முறைப்படி முன்னால் வருகிற பெயரைப் போட்டேன்: தகப்பன் பெயர், கலியாணம் கட்டிய பெண்ணுக்குப் புருசன் பெயர். இங்கிலீசு தெரிந்த ஒரு பொலிஸ்காரர், இங்கே சொந்தக்காரர் இருந்தால் 'ஃபெர்வான்ட்' என்றிருக்கிற கட்டத்தில் புள்ளடி போடு என்று சொன்னார். தாளில் ஃபெர் என்று தொடங்குகிற முதல் சொல்லைக் கண்டேன். போட்டேன், நாலு பேருக்கும். அது ஃபெர்ஹைராடெட். கலியாணம் கட்டியவர். சொந்தக்காரர் கட்டம் அடுத்த பக்கத்தில் இருந்திருக்கிறது.

ஆக, அக்காவும் தம்பியும் புருசன் பெண்சாதி, ஏனென்றால் பெயர் ஒன்று. புருசனும் பெண்சாதியும் ஆரோ எவரோ, ஏனென்றால் பெயர் வேறு. சோடியாக இருக்கிறவர்கள் பாலத்தடியில் தங்கலாம். தனி ஆட்கள் போகவேண்டும். மாதம் இருபத்தெட்டாம் திகதி.

குகனுடைய பெயரில் ஒரு எழுத்து விடுபட்டிருந்தது, அதை மட்டும் திருத்திக் கொடுத்தேன். நன்றி என்றார். பஸ் ஏறி வந்துவிட்டேன்.

15.2.86 சனி

சீனி, பருப்பு முடிகிறது. வசந்தி கீழ்க் குசினியில் தோசைக்கு மைதா கரைத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, லிஸ்டில எங்கட பேர் பாத்தனீங்களோ?"

"ஓம்."

"எங்க போட்டிருக்கு?"

"இன்னும் முடியேல்லை."

பொய். பதினான்கு வருட உத்தியோகத்தில் ஒரு பத்திரத்திலும் பொய் எழுதாதவள், தோசைக் கல்லுக்கு முன்னால் நின்று சொன்னேன். அவள் எனக்கு முதல் தோசையைத் தந்தாள், முறுகலாக.

அவளுடைய கலியாண அத்தாட்சிப் பத்திரம் ஊரிலிருந்து வரவேண்டும். எழுதி மூன்று மாதம். தபால் எங்கே நிற்கிறதோ தெரியாது. வரும் என்று காத்திருந்தால் பிள்ளை பிறந்து தவழும்.

16.2.86 ஞாயிறு

முழுநாளும் வெண்பனி. குகன் முற்றத்தில் கிழவரோடு சேர்ந்து பனி வழித்தான். மனிசரோடு அவன் நின்று வேலை செய்து கண்டது இதுதான் முதல் தரம். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு யோசனை: என்னையும் குகனையும் தொடாமல், வசந்தியின் பெயரை மட்டும் விளக்கி கே. அம்மாவுக்கு எழுதினால் என்ன?

எழுதிப் பார்த்தேன். 'தமிழ்ப் பெண் கலியாணத்துக்குப் பிறகு கணவனின் சொந்தப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைப்பாள். ஆகவே தேவராசா வசந்தி, தேவராசாவின் மனைவி.' நல்லது. கே. அம்மா முட்டாளில்லை. அப்படியானால் நீங்கள் ஏன் குகநாதன் நாகேஸ்வரி இல்லை என்று கேட்பார்.

இரண்டாம் தரம்: 'சிலர் கணவன் பெயரை வைப்பார்கள், சிலர் வைக்கமாட்டார்கள்.' அப்படி எழுதினால் வசந்திக்கு அதில் என்ன சாட்சி? மூன்றாம் தரம் எழுதி மூன்றையும் கிழித்தேன். ஒரு விதிதான் இருக்கிறது. அதைச் சொன்னால் அவளுக்குப் புருசன் கிடைப்பான், எனக்குப் புருசன் இல்லாமற் போவான். இருந்ததே இல்லை, அது வேறு கதை.

வெறும் சுயநலம்தானா என்று கேட்டுப் பார்த்தேன். குகனுக்காக என்று பதில் வந்தது. முழுக்க உண்மையுமில்லை. எனக்கும் தனியே இருக்கப் பயம். எழுதி வைக்கிறேன், ஆர் வாசிக்கப் போகிறார்கள்.

இன்னொரு பயமும் உண்டு: பொய்த் தகவல் தந்தார்கள் என்று பதிந்தால் எங்கள் அன்ட்ராக், அகதி மனு, என்ன ஆகும்?

18.2.86 செவ்வாய்

சொல்லிவிட்டேன் குகனிடம். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். எல்லாம் கேட்டான். முதலில் சிரித்தான், நாங்கள் புருசன் பெண்சாதி என்றதும். "சீ, விசர் கச்சேரி." பிறகு கத்தியை வைத்தான்.

"வசந்தியாக்கள் எங்க போகினம்?"

"அவன் ஆலையடி. அவள் ரயிலடி."

"திருத்தினால்?"

"நீ ஆலையடி. நான் ரயிலடி."

கிழங்கை எடுத்து மிச்சத்தை உரித்து முடித்தான். அதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

"திருத்துங்கோ அக்கா."

"நீ அங்க தனிய என்னெண்டு இருப்பாய்? ஆலையடி முழுக்க ஆம்பிளையள். தெரியாத முகங்கள். கார்னவலுக்கே நீ—"

"கொழும்பில லிஸ்டில பேர் இல்லாதபடியால் நான் தப்பினனான். மற்றவன்ர பேர் இருந்துது." கையைத் துடைத்தான். "ஒவ்வொரு முறையும் லிஸ்ட் பிழைச்சு நானே தப்ப ஏலாது அக்கா. எனக்கு அது ஏலாது."

இவ்வளவு நீளமாக அவன் கதைத்து நான் கேட்டு எவ்வளவு காலம். அழுகை வந்தது, அழுதேன். வெங்காயமும் இல்லை, சாட்டுச் சொல்ல.

அவன் கேட்டது ஒன்றுதான்: "அங்க கட்டில் கதவுப் பக்கமோ, சுவர்ப் பக்கமோ எண்டு கேட்டு வாங்கோ."

21.2.86 வெள்ளி

ஒன்பது மணி. கே. அம்மாவிடம் ஒரு பக்கக் கடதாசி கொடுத்தேன், இங்கிலீசில், கச்சேரிப் பாணியில் இலக்கம் போட்டு. உதாரணம் என்ற இடத்தில் என் பெயரையே போட்டேன்.

1. கந்தையா நாகேஸ்வரி: கந்தையா தகப்பன்.
2. கந்தையா குகநாதன்: அதே தகப்பன். ஆகவே சகோதரன்.
3. முருகேசு தேவராசா: முருகேசு தகப்பன்.
4. தேவராசா வசந்தி: மேலே மூன்றாம் இலக்கக்காரரின் மனைவி.
5. புள்ளடிகள் என் பிழை. மற்றவர்களின் பிழை அல்ல.

இரண்டு தரம் வாசித்தார். பென்சிலால் எங்கள் நாலு பேரையும் ஒரு தாளில் எழுதிக் கோடு இழுத்தார், பிறகு மாற்றி இழுத்தார். ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"அப்படியானால் ஹெர் கந்தையா உங்கள்..."

"தம்பி." வாய் தவறித் தமிழில் வந்துவிட்டது.

"அது அவர் பெயரில்லையா? விடுதிப் பதிவில் அப்படித்தானே இருக்கிறது?"

கிழவரின் வேலை. விளக்கினேன்.

அன்ட்ராக்குக்குக் கெடுதல் வருமோ என்று கேட்டேன். எழுத்துப் பிழை என்று குறிப்பு வைப்பேன், நீங்களே வந்து சொன்னது நல்லது என்றார். சகோதரங்களைச் சேர்த்து வைக்க முடியாதோ என்றும் கேட்டேன். வயது வந்த சகோதரங்கள் விதிக்குள் வரமாட்டார்களாம். சோடியும் சிறுபிள்ளைகளும் மட்டும். "விதியை நான் எழுதவில்லை" என்றார். அந்த வசனத்தை நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், கச்சேரி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து.

பிறகு பெரிய தாளை எடுத்து ஊர்வாரியாகக் கூட்டினார். பாலத்தடி இரண்டு, அதே இரண்டு. ஆலையடிக்கு ஒரு ஆண், அதே ஒன்று. ரயிலடிக்கு ஒரு பெண், அதே ஒன்று. அவர் முகத்தில் அப்படி ஒரு ஆறுதல். மேயர்மார் நாலு பேரும் எண்களுக்குக் கையெழுத்து வைத்துவிட்டார்களாம். மறுபடி அவர்களிடம் போகத் தேவையில்லை.

கூட்டுத்தொகை மாறவில்லை. எனக்கும் ஒரு கணம் சந்தோசமாக இருந்தது, தொழில் புத்தி. பிறகு அந்த ஆலையடி ஒன்று ஆர் என்று நினைவு வந்தது.

கட்டில் விசயம் கேட்க மறந்துபோனேன். பாதி வழி வந்து திரும்பிப் போய்க் கேட்டேன். அவருக்குத் தெரியாதாம். தொலைபேசி எடுத்தார். கதவுப் பக்கமாம்.

25.2.86 செவ்வாய்

வசந்திக்கும் தேவனுக்கும் எல்லாம் சொன்னேன். பட்டியலைப் பார்த்தும் பதினொரு நாள் மறைத்ததையும் சொன்னேன்.

வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தேவன் அழவில்லை.

"நீங்கள் நிரப்பின ஃபோம்தானே அக்கா."

"ஓம். என்ர பிழை."

"பதினொரு நாள் சொல்லேல்லை."

"ஓம்."

எழும்பி வெளியே போனான். சரிதான். அவன் சொன்னதில் என்ன பிழை? வசந்தி, "அவர் அப்பிடித்தான், குறை நினையாதேங்கோ" என்று பின்னால் சமாளித்தாள். நான் குறை நினைக்கவில்லை, ஆனால் குத்தியது.

பின்னேரம் பார்த்தால் குகனுடைய பெட்டியின் உடைந்த பிடிக்குக் கம்பி வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறான் தேவன். குகன் டோர்ச் பிடித்தான்.

பிரித்தது:
– சட்டி எனக்கு, கரண்டி அவனுக்கு
– மிளகாய்த்தூள் பாதி பாதி
– அகராதி அவனுக்கு. வேண்டாம் என்றான், வைத்தேன்
– அப்பாவின் படம் ஒன்றுதான். அவன் கொண்டுபோகட்டும். என்னை இங்கே அப்பா பெயரில்தானே கூப்பிடுகிறார்கள், எனக்குப் படம் எதற்கு

28.2.86 வெள்ளி

வெயில், ஆனால் சுடாத வெயில். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஆலையடி பஸ், அந்தப் பக்கம் ரயிலடி பஸ்.

ஹவுஸ்மைஸ்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கேட்டார், மெதுவாக, காதுக்குள்: "என்ன சண்டை, இரண்டு பேருக்கும்?" இவ்வளவு நாளும் அவருக்கும் நாங்கள் புருசன் பெண்சாதி. "ப்ரூடர்", சகோதரன் என்றேன். நின்றுவிட்டார். "தம்பி என்றால்?" "ப்ரூடர், சின்ன." நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு தொப்பியைக் கழற்றி என்னை ஃப்ரொய்லைன் என்று கூப்பிட்டுக் கை தந்தார். செல்வி. முப்பத்தொன்பது வயதில், பாலத்தின் நடுவில், எல்லோருக்கும் கேட்க. சிரிக்கிறதா அழுகிறதா?

அவன் பஸ் முதலில் வந்தது. உள்ளே ஆட்கள் நிறைய. படியில் ஒரு நொடி நின்றான். பிறகு ஏறினான். யன்னல் பக்கம் இருக்கவில்லை, கையும் காட்டவில்லை.

ரயிலடி: மூன்று கட்டில் அறை. கானாப் பெண்கள் இருவர். ஒருத்தி என் சட்டியைப் பார்த்து நல்ல சட்டி என்றாள். கதவில் ஒட்ட ஃப்ராவ் கந்தையா என்று அடித்த தாள் தந்தார்கள். கீழே தமிழில் நாகேஸ்வரி என்று எழுதி ஒட்டினேன்.

2.3.86 ஞாயிறு

ரயில் நிலையத் தொலைபேசி. ஆலையடி விடுதிக்கு எடுத்தால் ஆரோ எடுத்து, ஆரையோ கூப்பிட்டு, கடைசியில் குகன்.

"சாப்பிட்டியோ?"

"ஓம்."

"எத்தினை பேர் அறையில?"

"ஐஞ்சு. ரெண்டு தமிழ். ஒராள் வடிவா குறட்டை விடுறார்."

"கட்டில்?"

"கேட்டு மாத்திப்போட்டன். சுவர்ப் பக்கம்."

"ஆரிட்டக் கேட்டனீ?"

"சுவர்ப் பக்கம் கிடந்த ஈரான்காரரிட்ட. கையைக் காட்டிக் கேட்டன்."

காசு முடிந்து லைன் அறுந்தது. அவனாகப் போய்க் கேட்டிருக்கிறான், தெரியாத மனிசரிடம். கூண்டுக்கு வெளியே ஒரு கிழவி தட்டும் வரை அங்கேயே நின்றேன்.

7.3.86 வெள்ளி

மழை. பனி கரைந்து ரோட்டெல்லாம் சேறு. கச்சேரியடிக்குப் போகிற பஸ் பிந்தியது, கே. அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார்.

நல்ல பிரதி அடித்து முடித்துவிட்டார்கள். வெளிநாட்டார், ஊர்வாரியாக. பெயர்ப் பட்டியலைக் கடைசியாக ஒரு முறை வாசித்துச் சரிபார்க்க வேண்டும். எழுத்து எனக்குத் தெரியும், உச்சரிப்பு உங்களுக்குத் தெரியும், நீங்கள் வாசியுங்கள், நான் சரி போடுகிறேன் என்றார். சத்தமாகவோ என்றேன். சத்தமாக என்றார்.

ஒரு கந்தோர் அறையில், கதவு திறந்திருக்க, தமிழ்ப் பெயர்களைப் பட்டியலில் இருந்து உரக்க வாசிப்பது. கேற்றில் நின்று வாசித்தவர்களின் குரல் எப்படி இருந்திருக்கும் என்றுதான் ஓடியது. தண்ணீர் தந்தார், குடித்தேன். வாசித்தேன்.

பாலத்தடி. தேவராசா முருகேசு, தேவராசா வசந்தி. புருசனுடைய சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டார் கே. அம்மா, இருவருக்கும் ஒன்றாக வரட்டும் என்று. பாவம் முருகேசர், மகனுக்குச் சொந்தப் பெயராகிவிட்டார். திருத்தச் சொல்லவில்லை. ஒரே அறை, கீழ்மாடி, அதுபோதும். சரி.

ரயிலடி. கந்தையா நாகேஸ்வரி. சரி.

ஆலையடி. நாலு பெயர் வாசித்தேன். ஐந்தாவது கந்தையா குகநாதன். கே. அம்மாவின் பென்சில் தாளில் காத்துக்கொண்டு நின்றது. மற்றப் பெயர்களை வாசித்த அதே குரலில் வாசிக்கத்தான் நினைத்தேன், வரவில்லை, உடைந்து வந்தது. எழுத்து ஒன்றும் விடுபடவில்லை. சரி.

பெரிய தாளை மடித்துக் கோவையில் வைத்தார். சொன்ஸ்டிகே நிரலில் நாலு ஊருக்கும் நாலு எண்கள். போன மாதம் மேயர்மார் கையெழுத்து வைத்த அதே எண்கள்.

"எல்லாம் சரிதானே?" என்று ஜேர்மனில் கேட்டார்.

ஓம் என்றேன், தமிழில்.